இரைச்சலுக்குள் ஒரு கணக்கு

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு

இசை எது, இரைச்சல் எது என்ற வினாவுக்கு இயற்பியல் பாடத்தில் எளிய விடை ஒன்று உண்டு. ஒழுங்கான அதிர்வு இசை. ஒழுங்கற்ற அதிர்வு இரைச்சல். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்விடை போதும். ஆனால் தஞ்சைத் தரணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது போதுமா? ஐப்பசி அடைமழையில் வயல்வெளித் தவளைகள் நூறு குரலில் கத்துகின்றனவே, அது இசையா, இரைச்சலா? குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜின் இரவெல்லாம் போடுகிற ஒரே தாளத்தில் உறங்கிப் பழகிய உழவர், அது நின்ற மறுநொடி விழித்துக்கொள்கிறாரே, அவருக்கு அது இரைச்சலா?

எல்லாவற்றையும் விடக் கெட்டிமேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் கை காட்டியதும் தவில்காரர் தம் முழு வலிமையையும் திரட்டி அடிக்கிறார். பந்தலில் எவரேனும் தும்மினாலும், வேண்டாத சொல் ஒன்றை உதிர்த்தாலும் அது மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதே அதன் நோக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிற ஒலிகளை மூழ்கடிப்பதற்கென்றே எழுப்பப்படும் ஒலி அது. இயற்பியல் நூலின்படி பார்த்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? நம்மவர் அதற்கு மங்கலம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒழுங்கு ஒலியில் மட்டும் இருந்தால் போதாது. கேட்பவன் காதிலும் அதற்கு இடம் இருக்க வேண்டும். இதை எனக்கு உணர்த்தியவை இரண்டு. ஒன்று, ஜெர்மனியிலிருந்து 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசை ஆல்பம். மற்றொன்று, எங்கள் வீட்டுத் தவில். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று நண்பர்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

பிணந்தின்னியின் முதல் ஆல்பம்

விடுதியில் என் அறைத்தோழன் ஓர் இசைப் பித்தன். நாம் கேட்கும் திரைப்பாடல்கள் அவனுக்குச் சப்பென்று இருக்கும். பருவத் தேர்வு முடிந்த ஓர் இரவில் தன் செவிக்கருவியில் ஒன்றை என் காதிலும் மற்றொன்றைத் தன் காதிலும் மாட்டிக்கொண்டு, “இது டெக்னிக்கல் டெத் மெட்டல். அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ, அப்புறம் திட்டு” என்றான்.

டெத் மெட்டல் என்பது 1980களின் நடுவில் அமெரிக்காவில் உருவெடுத்த இசை வகை. புளோரிடா மாநிலம் அதற்கு ஒரு முக்கிய நாற்றங்கால். சக் ஷுல்டினர் என்பவர் தலைமையில் ‘டெத்’ என்ற பெயரிலேயே இயங்கிய குழு 1987இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கிட்டாரின் சுருதியை வழக்கத்தை விடக் கீழே இறக்கி, மின்பெருக்கியில் அதன் ஒலியைக் கரகரப்பாக்கி, டிரம் வாசிப்பவர் இரு கால்களாலும் இரு கைகளாலும் இடைவிடாது அடிக்க, பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவதே இதன் அடிப்படை. ‘டெக்னிக்கல்’ என்ற அடைமொழி சேர்ந்தால், அந்த முரட்டு ஒலிக்குள் கடினமான தாளக் கணக்குகளும் விரல் வித்தைகளும் நிறைந்திருக்கின்றன என்று பொருள். ‘சினிக்’ என்ற குழு 1993இல் வெளியிட்ட ‘ஃபோகஸ்’ என்ற முதல் ஆல்பம் இவ்வகையில் பெயர் பெற்றது.

நண்பன் எனக்குக் கொடுத்தது நெக்ரோஃபேஜிஸ்ட் என்ற ஜெர்மானியக் குழுவின் முதல் ஆல்பம். பெயரைத் தமிழாக்கினால் ‘பிணந்தின்னி’ என்று வரும். ஆல்பத்தின் பெயர் ‘ஆன்செட் ஆஃப் ப்யூட்ரிஃபாக்ஷன்’, அதாவது ‘அழுகலின் தொடக்கம்’. முதல் பதிப்பில் எட்டுப் பாடல்கள். அவற்றின் தலைப்புகளை இங்கே எழுதினால் மலர்க் குழுவினர் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார்கள். பிணவறையும் குடலும் புழுவும் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை. பாடல் வரிகளை நான் போற்றவில்லை. அவற்றுக்காக இக்கட்டுரையை எழுதவும் இல்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் ஒலி.

குழு என்று சொன்னேனே தவிர, அந்த ஆல்பம் ஏறத்தாழ ஒரே மனிதரின் உழைப்பு. முஹம்மத் சுய்ச்மெஸ் என்ற துருக்கி வம்சாவளி ஜெர்மானியர் கிட்டார் வாசித்தார், பேஸ் கிட்டாரும் வாசித்தார், குரலும் கொடுத்தார். டிரம் வாசிக்க மட்டும் மனிதர் இல்லை. ஒவ்வோர் அடியையும் இயந்திரத்தில் நிரலாக எழுதி, அதையே டிரம்காரராக அமர்த்திக்கொண்டார். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

முதலில் காதில் விழுவது உறுமல். அது ஒரே மட்டத்தில் நகர்கிறது. ஏற்ற இறக்கமான மெட்டு அதில் இல்லை. நாகசுரக் கச்சேரியில் பின்னால் நின்று ஒரே சுரத்தைப் பிடிக்கும் ஒத்துக்காரரைப் போல, அந்தக் குரல் ஒரு தரையை விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அத்தரையின் மேல் கிட்டார் நடக்கிறது. ஒரு சொற்கட்டு வரும். இரண்டு மூன்று முறை திரும்பும். காது அதைப் பிடித்துக்கொள்ளும் வேளையில் ஒரு மாத்திரை கூடியோ குறைந்தோ வேறொன்றாகிவிடும். எல்லா வாத்தியங்களும் ஒரே இடத்தில் வெட்டி நிற்கும். அரை நொடி மௌனம். மீண்டும் ஒரே இடத்தில் புறப்படும். நடுநடுவே கிட்டார் தனித்துப் பறக்கும்போது, சுரங்கள் நாகசுரத்தின் பிருகாக்களைப் போல அடுக்கடுக்காக உதிர்கின்றன. ஒலி ஈரமின்றி, காய்ந்த விறகைத் தட்டுவதுபோல இருப்பதால் எந்த அடியும் மறையவில்லை. எல்லாம் எண்ணத்தக்கவை.

என் வலக்கை தானாகவே தொடையில் தாளம் போடத் தொடங்கியது. நண்பன் வியந்தான். “எல்லாரும் முதல்ல காதைப் பொத்திக்குவாங்க. நீ கணக்குப் போடுறே!” என்றான். நான் சொன்னேன்: “எங்க வீட்டுல தினம் இதுதாண்டா சத்தம்.”

எங்கள் வீட்டுத் தவில்

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே ஒரு சிற்றூர். நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஒரே வெள்ளத்தை மதகு வைத்து அளந்து பிரிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரே காலத்தை மூன்றாகவும் ஐந்தாகவும் ஏழாகவும் பிரிக்கும் கலை வாய்த்ததில் வியப்பென்ன? நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளை, அரித்துவாரமங்கலம் பழனிவேல் என்று தவிலோடு ஊர்ப்பெயர் ஒட்டிய மேதைகள் பலர் இந்த ஆற்றுப் பாசனத்தில் விளைந்தவர்கள். இவர்களுள் பழனிவேல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எங்கள் குடும்பம் மேளக்காரக் குடும்பம். பெரியப்பா தவில், அப்பா ஒத்தும் தாளமும் போட்டுவிட்டுப் பின்னர் வேறு வேலைக்குப் போனவர். நான் எட்டு வயதில் பெரியப்பாவிடம் கழி பிடித்தேன். பலா மரத்தைக் குடைந்து செய்த அந்த உடம்பின் இடப்பக்கத் தொப்பியைப் பூவரசங் கழியாலும், வலந்தலையை விரல்களாலும் அடிக்க வேண்டும். விரல்களுக்குத் துணியும் பசையும் சேர்த்துச் சுற்றி உலர்த்திய கூடுகள் உண்டு. அவை காய்ந்தபின் கல் மாதிரி இருக்கும். வெட்டவெளியில், தேருக்கு முன்னால், நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய வாத்தியம் அது. மென்மையாக வாசிக்க அதற்குத் தெரியாது என்று சொல்பவர்கள் அதன் அருகில் நின்றதில்லை.

‘மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி’ என்பது பழமொழி. தவிலுக்கும் அப்படியே. ஆனால் அந்த இடியில் எத்தனை கணக்கு! ஆதி தாளம் எட்டு அட்சரம் என்று யாவரும் அறிவோம்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும். ஒவ்வோர் அட்சரத்தையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. இந்த 32ஐ நிரப்புவதில்தான் வித்தை இருக்கிறது. பத்து மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மூன்று முறை வாசித்து, இடையில் இரண்டு முறை ஒவ்வொரு மாத்திரை மௌனம் விட்டால், 30ம் 2ம் சேர்ந்து 32. ஆறு மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை வாசித்தால் இடைவெளிகளை ஏழேழாக்க வேண்டும்; 18ம் 14ம் சேர்ந்து அதே 32. எட்டு வயதுப் பையனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு இப்படித்தான் மனப்பாடமாயிற்று. பிரிவை நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் திஸ்ரம், ஐந்துக்கு மாற்றினால் கண்டம், ஏழானால் மிஸ்ரம், ஒன்பதானால் சங்கீர்ணம். காலம் மாறாது, நடை மாறும். எவ்வளவு தொலைவு சுற்றினாலும் தொடங்கிய இடமான சமத்துக்கு வந்து சேர வேண்டும்.

வேகமும் கணக்கும்

இனி, அந்த ஆல்பத்தையும் எங்கள் தவிலையும் ஒரு தராசில் வைத்துப் பார்ப்போம்.

வேகத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். மெட்டல் டிரம்மில் நிமிடத்துக்கு 200 தட்டு என்று காலம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால், வினாடிக்கு 13 அடிகளுக்கு மேல் விழும். வினாடிக்கு ஏறத்தாழ 20 என்ற எல்லையை நெருங்கினால், அடிகள் தனித்தனியாகக் கேட்பது நின்று ஒரே தொடர் ஒலியாகத் தோன்றத் தொடங்கும். ஆகவே இக்கலைஞர்கள் நம் செவியின் எல்லைக் கோட்டருகே விளையாடுகிறார்கள். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் தவிலின் விரல்கள் உருட்டும் ‘ஃபரன்’களும் அந்தக் கோட்டுக்கு அருகில்தான். பழகாத காதுக்கு அது ஒரே இடிமுழக்கம். பழகிய காதுக்குச் சொற்கள்.

ஒற்றைப்படைக் கணக்கில் இரண்டுக்கும் காதல் உண்டு. ஐந்தும் ஏழும் ஒன்பதும் அங்கும் வருகின்றன. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. நம் தாளம் ஒரு வட்டம். எங்கே போனாலும் திரும்பி வரும் வீடு ஒன்று அதற்கு உண்டு. அவையோரும் கையில் தாளம் போட்டுக்கொண்டு கலைஞருடன் கூடவே நடக்கலாம். தீர்மானம் விழும்போது அவர் கையும் இவர் கையும் ஒன்றாக இறங்கும். அந்த ஜெர்மானிய ஆல்பத்திலோ பாதை நேர்கோடு. அடுத்த திருப்பம் எது என்று பாடலைப் பலமுறை கேட்டு மனப்பாடம் செய்தவருக்கே தெரியும். மற்றொன்றும் உண்டு: அங்கே எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது, இங்கே பாதி அந்த நேரத்தில் பிறப்பது. நாகசுரக்காரர் ஒரு சங்கதி போட்டால், அதற்குத் தவில்காரர் என்ன விடை சொல்வார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது.

அயல்நாட்டு ஒலியை நம் வீட்டு வாத்தியத்தோடு ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தஞ்சைக்கு இது புதிதன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) தம் அரண்மனையில் மேல்நாட்டு இசைக்குழு ஒன்றை வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழியில் நோட்டுஸ்வரப் பாடல்கள் அமைத்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து திருவிதாங்கூர் அரசவை வரை கொண்டு போனார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? வந்த ஒலியை வாசலிலேயே நிறுத்தாமல் திண்ணையில் உட்காரவைத்து, “உன் கணக்கு என்ன?” என்று கேட்ட ஊர் இது.

பெரியப்பாவின் கை

பொங்கல் விடுமுறைக்கு நண்பனும் என்னோடு ஊருக்கு வந்தான். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. திண்ணையில் பெரியப்பா விரலுக்குக் கூடு சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது காது மிகவும் மந்தம். நாற்பது ஆண்டுகள் தவிலுக்குப் பின்னால் நின்றதற்குக் கிடைத்த பரிசு அது. இத்தொழிலில் பலருக்கும் இது நேர்கிறது. வாசலில் அறுவடை இயந்திரம் போனாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் திண்ணைப் பலகை அதிர்ந்தால் தெரிந்துகொள்வார்.

நண்பன் கையடக்கமான ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவந்திருந்தான். அதைத் திண்ணையில் வைத்து அந்த ஆல்பத்தை ஓடவிட்டான். பெரியப்பா இடக்கையை அதன் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன தம்பி, மாடு உறுமுறாப்ல இருக்கு?”

“பாட்டு பெரியப்பா. அவரு பாடுறாரு.”

“சொல்லு வெளங்குதா ஒனக்கு?”

“வெளங்கல.”

“அப்ப சொல்ல விடு, கணக்கப் பாரு” என்று சொல்லிவிட்டு, வலக்கை விரல்களைத் தொடையில் தட்டத் தொடங்கினார். இரண்டு பாடல்கள் ஓடின. எங்கள் இருவருக்கும் பேச்சு எழவில்லை. பிறகு கையை எடுத்தார்.

“கம்பிக்காரன் நல்ல சாதகம் பண்ணுன கை. ராப்பகலா உக்காந்திருக்கான். ஆனா அடிக்கிறது ஆளு இல்லையே?”

நண்பன் வாயடைத்துப் போனான். டிரம் இயந்திரம் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. “எப்படிப் பெரியப்பா கண்டுபிடிச்சீங்க?” என்றேன்.

“நூறு அடியும் ஒரே கனம். மனுசன் கை அப்படி விழாது. சமத்துக்கு வர்றப்ப அழுத்தும். களைச்சா எறங்கும். எதுத்தாப்ல ஒருத்தன் தலையாட்டுனா ஏறும். இதுல ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல.”

காதால் கேட்க முடியாத ஒன்றை உள்ளங்கையால் கேட்டுவிட்டார். நான் அவருக்கு விவரம் சொன்னேன். அந்த மனிதர் 1999இல் தனியொருவராக இருந்து செய்த வேலை இது. டிரம்முக்கு ஆள் இல்லாததால் இயந்திரத்தில் எழுதினார். 2004இல் ‘எபிடாஃப்’ என்ற இரண்டாம் ஆல்பம் வந்தபோது ஹான்னஸ் கிராஸ்மன் என்ற டிரம் கலைஞரே வாசித்தார். அதற்குப் பின் அக்குழுவின் முழு ஆல்பம் எதுவும் வெளிவரவில்லை.

பெரியப்பா சிரித்தார். “அவனுக்கு ஆளு கெடைக்கல, பொட்டிய வச்சிக்கிட்டான். ஆளு கெடச்சதும் பொட்டிய எடுத்துட்டான். நம்ம ஊருல ஆளு இருக்கயிலயே பொட்டிய வச்சிட்டாங்க.”

அதன் பிறகு கூடு சுற்றுவதில் ஆழ்ந்துவிட்டார்.

பெட்டி மேளம்

அவர் சொன்ன பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் அர்த்த மண்டபத்தின் ஓரமாக ஓர் இரும்புச் சட்டம்; அதில் ஒரு மேளம், ஒரு மணி, ஒரு சேகண்டி; அடிப்பதற்கு மோட்டாரில் சுழலும் குச்சிகள். மேலே ‘உபயம்’ என்று ஒரு பெயர். தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கும், அணைத்தால் நிற்கும். எங்கள் ஊர்க் கோயிலுக்கும் அது வந்தது. அன்று முதல் பெரியப்பாவுக்குத் திருவிழா நாள்களிலும் கல்யாணங்களிலும் மட்டுமே வேலை.

கோயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலத்தில் மேளக்காரருக்கு மானிய நிலம் இருந்தது; அறுவடைக் களத்தில் அவருக்கென்று நெல் அளந்தார்கள். களத்து நெல்லே மேளத்துக்குச் சோறு போட்டது. இன்று சிறு கோயிலின் வருமானம் விளக்கெண்ணெய்க்கே போதவில்லை. மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வேறு படிப்புக்குப் போகிறோம், நானே சான்று. ஆள் வராத நாளில் பூசை மௌனமாக நடக்கக் கூடாதே என்று நல்லெண்ணத்தோடு பெட்டி வாங்கித் தந்தவர்களும் உண்டு.

ஆயினும் அந்தப் பெட்டி எதைப் பறித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கோயில் மேளம் ஒரு மொழி. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள். பெரும்பாலும் கம்பீர நாட்டை இராகத்தில். திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொண்டு வந்தால் தீர்த்த மல்லாரி. நைவேத்தியம் வந்தால் தளிகை மல்லாரி. தேருக்குத் தேர் மல்லாரி. எங்கள் அப்பாயி அடுப்படியில் இருந்தபடியே, “தளிகை வந்துட்டுது, எல போடு” என்பார். கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெருக்கோடி வரை சொல்லிக்கொண்டிருந்த ஒலி அது. பெட்டியோ தீர்த்தம் வந்தாலும் தளிகை வந்தாலும் ஒரே அடி. அதற்குத் தாளம் இல்லை; திரும்பி வரச் சமமும் இல்லை. நெக்ரோஃபேஜிஸ்ட் ஆல்பத்தின் இயந்திரமாவது ஒரு மனிதன் இரவு பகலாக எண்ணி எண்ணி எழுதிய கணக்கை வாசிக்கிறது. கோயில் பெட்டிக்குள் எவர் கணக்கும் இல்லை.

இயற்பியல் நூல் சொன்ன ‘ஒழுங்கான அதிர்வு’ என்ற இலக்கணத்தை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். சீராக அடிப்பது மட்டுமே ஒழுங்கு என்றால் கோயில் பெட்டியை விட ஒழுங்கான வாத்தியம் உலகில் இல்லை! ஆனால் அதைக் கேட்டு யாரும் தாளம் போடுவதில்லை; யாரும் தலையாட்டுவதில்லை. காதைப் பொத்திக்கொள்ளச் செய்யும் அந்த மெட்டல் இசையில் எனக்குக் கணக்குக் கேட்டது. பக்திக்கென்று வைத்த பெட்டியில் கேட்கவில்லை. ஓசையின் அளவையும் அது வாழும் இடத்தையும் கொண்டு இசையை அளக்க முடியாது. இதை எண்ணிச் செய்த மனம் ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறதா, எண்ணிக் கேட்கும் மனம் ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறதா என்பதே என் அளவுகோல்.

கேட்பவர் கடமை

கலையைக் காக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். தவில் கற்க விரும்புவோருக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வகுப்பு இருக்கிறது. திருவையாற்று அரசு இசைக் கல்லூரியும் இருக்கிறது. வாசிக்கக் கற்றுத்தர இடம் உண்டு. கேட்கக் கற்றுத்தர இடம் எங்கே? என் அறைத்தோழனைப் பாருங்கள். அந்த ஜெர்மானிய ஆல்பத்தில் எந்த நொடியில் எந்தத் திருப்பம் என்று அவனுக்கு மனப்பாடம். உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் தனியறையில் உட்கார்ந்து போட்ட கணக்கு, காவிரிக் கரையில் ஒரு விடுதி மாணவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. கேட்பவன் ஒருவன் இருந்ததால் அது நடந்தது. நம் தெருவில், நம் கண்ணெதிரே நடக்கும் கணக்குக்கு அத்தகைய செவிகள் எத்தனை?

கல்யாண வீட்டில் மேளக்காரர் எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. கெட்டிமேளம் முடிந்ததும் பந்திக்கு ஓடுகிறோம். அவர் ஏழு ஏழாகப் பின்னி, சமத்தில் கொண்டுவந்து இறக்கும்போது தலையாட்ட ஒருவருமில்லை. ‘எதுத்தாப்ல ஒருத்தன் தலையாட்டுனா ஏறும்’ என்று பெரியப்பா சொன்னது வெறும் பேச்சன்று. ஏறுவதற்கு வழியில்லாத கை நாளடைவில் பெட்டியின் கையாகத்தான் மாறும். அப்போது பெட்டியே போதும் என்று ஊர் சொல்வதில் வியப்பும் இராது.

பட்டம் பெற்றபின் எனக்கு வேலை எங்கே கிடைக்குமோ அறியேன். எங்கே போனாலும் கழியும் கூடும் என்னோடு வரும். பள்ளி இறுதி வகுப்பில் நின்றுபோன சாதகத்தைப் பொங்கலுக்குப் பின் ஞாயிறுதோறும் பெரியப்பா முன்னிலையில் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். நான் வாசிக்கும்போது அவர் தம் உள்ளங்கையை என் தவிலின் உடம்பில் வைத்துக்கொள்கிறார். கணக்குத் தப்பினால் ஒரு தட்டு. சரியாக விழுந்தால் பேசாமல் இருப்பார். வரும் பங்குனித் திருவிழாவில் அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் தவில் கட்டப்போகிறவன் நான்தான். நண்பன் முன்வரிசையில் நிற்பதாக வாக்களித்திருக்கிறான்.

நண்பர்களே! தேர் பார்க்கவோ, திருமணத்துக்கோ நீங்கள் செல்லும் இடத்தில் தவில் ஒலித்தால், ஒரே ஒரு சுற்று நேரம் நின்று கையில் தாளம் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு வந்ததும் அவர் கையும் உங்கள் கையும் ஒன்றாக விழுந்தால், அவரைப் பார்த்துத் தலையாட்டுங்கள். அந்தக் கை ஏறுவதை நீங்களே கேட்பீர்கள்.